நம் சபையாருக்கு என்ன குறை?

பிரசங்க பீடத்தில் ஏறுகிறவர்கள் பலரும் இப்போது ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்தக் காலத்துக் கிறிஸ்தவனுக்கு நேரமில்லையாம், ஒழுங்கில்லையாம், பொறுமையில்லையாம். ஜெபத்துக்கு உட்காரச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறானாம். என்னால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, இந்தச் சபை மக்களோடேயே வாழ்கிறவன் நான். அவர்களிடம் இல்லாத நற்குணம் எது என்று தேடிப் பார்த்தும் எனக்கு அகப்படவில்லை. அவர்கள் பக்கம் நின்று சாட்சி சொல்ல வேண்டியது என் கடமை.

விடியற்காலையில் எழும்புவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நாலு மணிக்கு லைட் எரிகிறது. அலாரம் அடிப்பதற்கு முந்தியே அம்மா எழும்பிவிடுகிறாள். நீட் கோச்சிங் வேன் ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். அதற்குள் பால் காய்ச்சிப் பூஸ்ட் கலக்கி, இட்லியை டிபன் பாக்ஸில் அடுக்கி, நேற்றுப் படித்த பாடத்தை ஒரு தடவை ஒப்பிக்கவும் வைத்துவிடுகிறாள். பையனுக்குக் கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். அவன் படித்து முடிக்கிறவரை எதிரே நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்திருக்கிறாள், முட்டுவலியோடு. ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்லை. பதினொன்றும் பன்னிரண்டுமாக முழுசாக ரெண்டு வருஷம். இவளுக்கு அதிகாலையில் எழும்ப முடியாது என்று எவராவது சொன்னால் அது அபாண்டம். இயேசு இருட்டோடே எழுந்து தனித்த இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறாரே, அந்த வேளை இவளுக்கு நன்றாகப் பழகின வேளை. எந்த நிமிஷத்தில் பால்காரர் மணி அடிப்பார், எப்போது கிழக்கு வெளுக்கும் என்பதெல்லாம் அத்துபடி. அந்த வீட்டில் குடும்ப ஜெபம் கடைசியாக நடந்தது எப்போது என்றுதான் யாருக்கும் ஞாபகம் இல்லை. பரீட்சை முடியட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். பரீட்சை முடிந்தது. பையன் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து இப்போது ஐந்தாம் செமஸ்டர் படிக்கிறான்.

பொறுமையிலும் நம் ஜனங்களுக்கு ஈடில்லை. பெரிய டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போய் எழுபதாம் டோக்கனை வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். திருமண்டலத் தேர்தல் அன்றைக்குப் பாருங்கள். எண்பது வயதுத் தாத்தாவைப் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறான். வெயிலில் வரிசை நகராமல் நிற்கிறது. யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வாக்கு எண்ணி முடிகிறவரை ராத்திரியெல்லாம் காத்திருக்கிற வாலிபர்களையும் பார்த்திருக்கிறேன். சபைக் காரியத்தில் இத்தனை அக்கறை உள்ள ஜனம் வேறெங்கே இருக்கிறது? இந்த மக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் அரைமணியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நற்கருணை வாங்கினவர்கள் திரும்பி வந்து இடத்தில் உட்காராமல் அப்படியே வாசலுக்கு நடக்கிறார்கள். கடைசிப் பாமாலையின் இரண்டாம் சரணத்திலேயே வெளியே பைக்குகள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கிறது.

நேரம் தவறாமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் பத்தரைக்கு என்றால் பத்து மணிக்கே முன்வரிசையில் இருக்கிறோம். ரயிலைத் தவறவிட்ட குடும்பம் நம்மில் அபூர்வம். கோயிலில் முதல் மணி அடித்து, அரைமணி கழித்து இரண்டாம் மணி அடிப்பது எதற்காக? மணிக்கூண்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறவருக்கு இரண்டும் கேட்கிறது. அவர் இரண்டாம் மணிக்குத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போகிறார். உள்ளே வந்து சேரும்போது இரண்டாம் பாடம் வாசிக்கிறார்கள். இதில் அவர் இழப்பது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஆராதனை முறையில் பாவ அறிக்கை தொடக்கத்திலேயே வருகிறது. முழங்காலில் நின்று குற்றத்தை ஒத்துக்கொண்டு, மன்னிப்பின் வார்த்தையைக் காதால் கேட்டு, அதற்குப் பிறகே துதிக்க எழும்ப வேண்டும் என்பது அந்த ஒழுங்கின் உட்கருத்து. தாமதமாக வருகிறவர் மன்னிப்புக் கேளாமலேயே துதிக்கு எழும்புகிறார். இப்படி வருஷம் முழுவதும் நடக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆபீஸில் பஞ்ச் மெஷினுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தாதவர் என்று மேலதிகாரி பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், ஹாலில் மாட்டியிருக்கிறது.

வேதாகமத்தை நாம் வைத்திருக்கிற மரியாதையை எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் படித்து, மொழிபெயர்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றினார். நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் ஊருக்கு ஒரு வேதாகமம்கூட இல்லாத இடங்கள் இருந்தன. உபதேசியார் வாசிக்க, மற்றவர்கள் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணினார்கள். இன்றைக்கு நம் வீட்டில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. தங்க ஓரம் வைத்தது, இயேசு பேசின வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்டது, அம்மாவுக்குப் பெரிய எழுத்து, கல்யாணத்துக்கு வந்தது வெள்ளை அட்டை போட்டது. எல்லாவற்றுக்கும் ஜிப் வைத்த உறை. தரையில் வைக்க மாட்டோம், அதன் மேல் வேறு புத்தகம் வைக்க மாட்டோம், தவறிக் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்துப் பாராட்டியது தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். பீலி சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மனைக்குள் உன் வேல்கள் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்றார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். ஔவை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம் அலமாரியைப் பார்த்து நான் சொல்வதிலும் இல்லை. பழைய வேதாகமம் ஒன்று சில வீடுகளில் இன்னும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். தையல் விட்டுப்போய், முதல் பக்கங்கள் உதிர்ந்து, சங்கீதப் புத்தகத்தின் ஓரமெல்லாம் விரல் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். ஏசாயாவில் பென்சில் கோடு, யோபுவில் தண்ணீர் பட்டு ஊதின தாள். அந்தப் பாட்டி எந்த வருஷம் எதற்காக அழுதாள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். நம் பிரதிகளில் ஒரு மடிப்பு இல்லை.

விடிந்ததும் வசனம் அனுப்புவதிலும் நாம் தவறுவதில்லை. ஐந்தரை மணிக்கு, பூவும் சூரியனும் போட்ட படத்தோடு, குடும்ப குரூப், சபை குரூப், பள்ளிக்கூட நண்பர்கள் குரூப் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. நல்ல பழக்கம். வியாதியாய்க் கிடக்கிற ஒருவர் அதைப் பார்த்து ஆறுதல் அடைந்திருக்கிறார் என்பது எனக்கே தெரியும். அனுப்பினவர் அந்த வசனத்தை இரண்டு நிமிஷம் வைத்துத் தியானித்துவிட்டு அனுப்பியிருந்தால் ஆறுதல் இரண்டு பேருக்கு ஆகியிருக்கும்.

நம் முன்னோரை நினைக்காமல் இதை எழுத முடியாது. நம்முடைய கிறிஸ்தவ ஊர்கள் வசதியில் பிறந்தவை இல்லை. 1799இல் உருவான முதலூர், விசுவாசத்துக்காக விரட்டப்பட்டவர்கள் வந்து குடியேறிய ஊர். அவர்களில் மிகப் பலர் பனைத்தொழில் செய்தவர்கள். பருவகாலத்தில் ஒவ்வொரு மரத்தையும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். விடிவதற்கு முந்தியே தோப்புக்குப் போய்விட வேண்டும். பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்து முடிப்பதற்குள் கண்ணெல்லாம் புகையில் சிவந்துவிடும். நெஞ்சில் மரச்சிராய்ப்பு ஆறாத அந்த மனிதர்கள் சாயங்காலம் மணிச்சத்தம் கேட்டதும் ஜெபக்கூடத்தில் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஞாயிறு மட்டுமில்லை, வார நாளிலும். இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் முடிந்தது. 33 வருஷம். இடையில் பஞ்சம் வந்தது, காலரா வந்தது. அதே வருஷங்களில்தான் அவர் 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் எழுதினார். உலகம் அவரை அந்தப் புத்தகத்தால் அறியும். இடையன்குடியார் கோயிலால் அறிவார்கள்.

அவர்கள் கட்டிவிட்டுப் போனதை நாம் காப்பாற்றுகிற அழகைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பாட்டன் சாணி மெழுகின தரையில் முழங்காலிட்டான்; நாம் கிரானைட் போட்டிருக்கிறோம். ஏசி வைத்திருக்கிறோம். கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கிற ஒலிபெருக்கி, பாட்டு வரிகள் ஓடுகிற எல்.இ.டி. திரை, நூற்றாண்டு விழாவுக்கு விடிய விடிய மின்விளக்கு. நன்கொடை என்று கேட்டால் துபாயில் இருக்கிறவரும் அனுப்புகிறார், மும்பையில் இருக்கிறவரும் அனுப்புகிறார். கல்வெட்டில் பெயர் ஏறுகிறது. அதற்குக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆண்டவருடைய வீடு அழகாயிருப்பது நல்லதுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மனம் உடைந்த ஒரு விதவை அங்கே வந்து அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்றால் கேட் சாவியை வாட்ச்மேனிடம் வாங்க வேண்டும். வாட்ச்மேன் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார்.

புதுவீடு கட்டினால் ஆயரைக் கூப்பிட்டுப் பிரதிஷ்டை பண்ணாமல் நாம் குடிபோவதில்லை. அன்றைக்கு ஒவ்வொரு அறைக்கும் ஜெபம் உண்டு. அடுப்படிக்கும் உண்டு, மாட்டுக்கொட்டகை இருந்தால் அதற்கும் உண்டு. வாசல் நிலையில் வசனப் பலகை. கார் வாங்கினால் சாவியை ஆயர் கையில் கொடுத்து வாங்குகிறோம். கடைத் திறப்பு, பிறந்த நாள், பிள்ளை அமெரிக்கா போகிற நாள் எதையும் ஜெபமில்லாமல் தொடங்குவதில்லை. முதல் நாளை ஆண்டவருக்குக் கொடுப்பதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஹாலின் நடுச்சுவரில் ஐம்பத்தைந்து அங்குல டிவி. சோபா அதைப் பார்த்துப் போட்டிருக்கிறது, சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி மேஜை போட்டிருக்கிறது. வீட்டில் உள்ள ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வட்டமாக உட்கார இடமில்லை. இன்ஜினியரிடம் மாடுலர் கிச்சனுக்கும் கார் நிறுத்தவும் அளவு சொன்ன நாம் இதற்கு அளவு சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தாத்தா வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சீரியல் முடியக் காத்திருக்கிறார். அடுத்த சீரியல் ஆரம்பிக்கிறது. அவர் தனியாக எழும்பித் தம் அறைக்குப் போய் வாசித்துவிட்டுப் படுக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளைகள், தாத்தாவுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

அசனப் பண்டிகையில் அண்டா முன்னால் நிற்கிற ஆண்களை நினைத்தால் எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும். முந்தின நாள் ராத்திரியே கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மலையாகக் குவித்து நறுக்குகிறார்கள். பெரிய அதிகாரியும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அரிசி களைகிறார். ஜாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் வந்தவருக்கெல்லாம் இலை போடுகிறார்கள். மார்த்தாளின் உபசரிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அன்றைய ஸ்தோத்திர ஆராதனையில் ஆண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. மரியாளின் இடத்தில் உட்கார ஆள் இல்லை.

மல்கியா தீர்க்கதரிசி ஒரு சோதனை வைத்தார். குருடும் முடமுமான மிருகத்தைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இதையே உங்கள் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அவன் முகம் மலருமா என்று கேட்கிற பொருளில் பேசுகிறார். நமக்கு அந்தச் சோதனை தேவைப்படாது, அதிபதியை எப்படி நடத்துவது என்று நமக்கு நன்றாகத் தெரியும். நம் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கலெக்டர் வருகிறார் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முந்தியே வரிசையில் நிற்கிறோம். செல்போனை அணைத்துவிடுகிறோம். சால்வையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் பேசும்போது யாரும் வெளியே எழும்பிப் போவதில்லை. கல்யாண வீட்டு மொய்க்கவரில் புது நோட்டாகப் பார்த்து வைக்கிறோம். கடைக்காரர் வாங்க மறுத்த கிழிந்த நோட்டு காணிக்கைப் பையில் போய்ச் சேர்கிறது. வாரத்தில் மிச்சப்பட்ட நேரமும், நாளில் மிச்சப்பட்ட பலமும், பையில் மிச்சப்பட்ட சில்லறையும்தான் பலிபீடத்துக்கு வருகின்றன. மிருகத்துக்குப் பதிலாக நேரம் வந்திருக்கிறது, முடமானதுதான் வருகிறது.

வேலைப்பளு என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அதிலும் நம்மவர்கள் கடும் உழைப்பாளிகள், மறுக்க மாட்டேன். ஆனால் தானியேலின் வேலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரியு ராஜா தேசத்துக்கு நியமித்த 120 தேசாதிபதிகளுக்கு மேலே மூன்றே பேர். அந்த மூவரில் ஒருவர் அவர். இன்றைய கணக்கில் ஒரு தலைமைச் செயலாளருக்கு மேலான பொறுப்பு. முப்பது நாளைக்கு எவரும் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று சட்டம் வந்தது. முப்பது நாள்தானே, மனதுக்குள் ஜெபித்துக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திப்போட்டிருக்கலாம். மேலறை ஜன்னலைத் திறந்து வைத்து, முன்பு செய்து வந்தபடியே நாளுக்கு மூன்று தடவை முழங்காலிட்டார். அந்தச் சட்டம் நம் நாட்டில் யாரும் போடவில்லை. நாமாகவே முப்பது நாள், அறுபது நாள் என்று கடைப்பிடித்து வருகிறோம்.

ஜெபத்துக்குத் தனி நேரம் எதற்கு, வேலையே ஆராதனைதானே என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நம் சரீரங்களையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவின சகோதரர் லாரன்ஸ், அடுப்படியிலேயே ஆண்டவரோடு பேசப் பழகினவர். அந்த மடத்தில் ஜெபத்துக்கென்று குறித்த வேளைகளும் அவருக்கு இருந்தன. மணிக்கு எழும்பிப் பழகின முழங்கால்தான் அடுப்படியிலும் ஜெபித்தது. ஒரு வேளையும் குறிக்காமல் எல்லா வேளையும் ஆராதனை என்று சொல்கிறவரை, தாலுகா ஆபீஸில் அவர் மேஜைக்கு எதிரே மூன்றாவது தடவையாக நிற்கிற ஏழையிடம் கேட்டுப் பாருங்கள். வேலை ஆராதனையாக இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி வைத்தால் சைகையோடு இருபது பாட்டுப் படித்துவிடுகிறார்கள். வசனப் போட்டிக்கு 119ஆம் சங்கீதத்தில் பகுதி பகுதியாக ஒப்பிக்கிறார்கள். பரிசாக டிபன் பாக்ஸ் வாங்குகிறார்கள். எட்டாம் வகுப்பில் ஞாயிறு டியூஷன் வந்ததும் ஓய்வுநாள் பாடசாலையிலிருந்து அவர்களை நிறுத்துகிறவர்கள் நாம்தான். எதை எதற்காக விடலாம் என்பதை நாம் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதில் அவன் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்குகிறான் என்று கேட்டு அம்மா அழுகிறாள். அவன் சொல்பேச்சு மீறவில்லை. நாம் காட்டின வரிசையை அப்படியே வைத்திருக்கிறான்.

ஆகவே, நேரமில்லாத ஜனம், ஒழுங்கில்லாத ஜனம் என்று இனி யாரும் இவர்களைச் சொல்ல வேண்டாம். நாலு மணிக்கு எழும்பத் தெரியும், எழுபதாம் டோக்கனுக்குக் காத்திருக்கத் தெரியும், கலெக்டருக்கு முன்னால் அடக்கமாக நிற்கத் தெரியும், விடிய விடிய அரிசி களையத் தெரியும். சர்வ வல்லவருக்குக் கொடுக்க வேண்டிய எல்லாம் இவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இன்று ராத்திரி எட்டரைக்கு டிவியை அணையுங்கள். தாத்தாவை அவர் அறையிலிருந்து ஹாலுக்குக் கூப்பிடுங்கள், பாயை விரியுங்கள். கோயம்புத்தூர்ப் பையனை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, வீட்டில் இளையவர் ஒரு ஜெபம். பதினைந்து நிமிஷம் போதும். நாளைக்கும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.